முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஒரு பூச்சியும் ஒரு பாசியும்

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பயிரிடும் சிறு விவசாயிகளின் கண்ணில் இரண்டு சிறிய உயிர்கள் அடிக்கடி படுகின்றன. ஒன்று, நாற்றங்கால் மேட்டிலும் குப்பை எரித்த இடத்திலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் படரும் பாசி. மற்றொன்று, செடியைத் தொட்டதும் இலையடியிலிருந்து குபுக்கென்று எழுந்து, நான்கடி தள்ளிப் போய் மறுபடி உட்காரும் சாம்பல் நிற அந்துப்பூச்சி.

பாசியைக் கண்டால் பலர் பதறுகிறார்கள். மண் கெட்டுவிட்டது, நாற்றின் சத்தை எல்லாம் இது உறிஞ்சிவிடும் என்று எண்ணி, சுரண்டி எறிகிறார்கள். சிலர் மருந்தும் தெளிக்கிறார்கள். அரிசியளவே உள்ள அந்துப்பூச்சியையோ யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இலையில் ஓட்டை விழுந்த பிறகுதான் கடைக்கு ஓடுகிறார்கள். பணம் செலவாவது இந்த இடத்தில்தான். பாசி பயிரைத் தின்பதில்லை. பூச்சியின் புழுவோ பயிரையே அழிக்கும். இந்த இரண்டின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதற்குச் செலவு செய்வது, எதை விட்டுவிடுவது, எப்போது கவனமாக இருப்பது என்பது விளங்கும்.

எந்தப் பாசி?

தமிழில் பாசி என்ற ஒரே சொல்லால் பலவற்றைக் குறிக்கிறோம். குளத்திலும் நெல் வயலிலும் நூல் நூலாக மிதப்பது நீர்ப்பாசி. அதற்குத் தண்டு, இலை எதுவும் கிடையாது. மசாலாவில் போடும் கல்பாசி வேறு இனம். பூஞ்சணமும் நீர்ப்பாசி இனமும் சேர்ந்து ஒன்றாக வாழும் கூட்டுயிர் அது. பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும். மூன்றாவது, ஈர மண்ணிலும் சுவரிலும் மெத்தை போல வளரும் பசும்பாசி. கூர்ந்து பார்த்தால் இதில் சின்னஞ்சிறு தண்டும் இலையும் தெரியும். தாவர நூல்களில் 'மாஸ்' என்று சொல்வது இதைத்தான். இந்தக் கட்டுரையில் மண்பாசி என்று குறிப்பிடுவோம்.

மண்பாசியில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. நாற்றங்காலிலும், தொட்டி மண்ணிலும், தீ வைத்த நிலத்திலும் முதலில் தலைகாட்டுவதில் முக்கியமானது ஃபியூனேரியா ஹைக்ரோமெட்ரிகா. கல்லூரியில் தாவரவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பழக்கமான பெயர். உலகத்தின் எல்லாக் கண்டங்களிலும் இது உண்டு.

பூச்சியின் பெயர் புளூட்டெல்லா சைலோஸ்டெல்லா. இறக்கையை மடித்து உட்காரும்போது முதுகில் மூன்று வைரக் கற்களைப் பதித்தாற்போல வெளிர்ந்த கட்டங்கள் தெரியும். அதனால் வைரமுதுகு அந்துப்பூச்சி என்று பெயர். இதுவும் முட்டைக்கோஸ் விளையும் எல்லா நாடுகளிலும் இருக்கிறது. மலையில் மட்டுமல்லாமல் ஓசூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளின் கோஸ் பயிரையும் தாக்குகிறது.

பாசியின் வாழ்க்கை

ஃபியூனேரியாவின் செடி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம்தான். இலை மிக மெல்லியது. நடு நரம்பு தவிர மற்ற இடமெல்லாம் ஒரே ஓர் அணுவின் கனம். உண்மையான வேர் கிடையாது. அடியில் பழுப்பு நிறத்தில் மயிரிழை போன்ற இழைகள் உண்டு. அவை செடியை மண்ணோடு பிடித்து நிறுத்துகின்றன. தேவையான நீரையும் உப்பையும் பெரும்பாலும் உடம்பு முழுவதாலுமே இந்தச் செடி ஈர்த்துக்கொள்கிறது. கோஸ் நாற்றின் வேர் இறங்கும் ஆழத்துக்கு இது இறங்குவதே இல்லை. நாற்றின் சத்தை உறிஞ்சுகிறது என்ற பயத்துக்கு இடமில்லை.

இது பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதை விடுவதில்லை. செடியின் நுனியில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் தனித்தனிக் கிளைகளில் உண்டாகின்றன. ஆண் அணு நீரில் நீந்தித்தான் பெண் உறுப்பைச் சேர வேண்டும். மழைத்துளி தெறித்தோ, பனிநீர் படிந்தோ ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் இது நடக்கும். ஈரமில்லாவிட்டால் பாசிக்குக் கருவே தரிக்காது.

கரு தரித்தபின் அந்த நுனியிலிருந்தே ஒரு காம்பு எழும்பும். சில சென்டிமீட்டர் நீளமுள்ள செம்பழுப்புக் காம்பு. அதன் உச்சியில் பேரிக்காய் வடிவில் தலை கவிழ்ந்த ஒரு சிறு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் வித்துத்தூள் நிறைந்திருக்கும். காம்பும் பெட்டியும் உண்மையில் பாசியின் அடுத்த தலைமுறை. தாய்ச் செடியின் தலைமேலேயே நின்று, தாயிடமிருந்தே உணவு வாங்கி வளர்கிறது. மாட்டின் கன்று பால்குடி மறக்காமலே கிழடாவது போன்ற வாழ்க்கை இது.

பெட்டியின் வாயில் வட்டமாகப் பற்கள் அமைந்துள்ளன. வெளிவரிசையில் 16, உள்வரிசையில் 16. காற்று காய்ந்திருக்கும்போது பற்கள் விலகித் தூள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஈரமானால் மூடிக்கொள்ளும். காம்பும் அப்படியே: காய்ந்தால் கயிறு போல் முறுக்கிக்கொள்ளும், நனைந்தால் முறுக்கு அவிழும். முற்றிய காம்பு ஒன்றைப் பிடுங்கி ஈர விரலால் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். உச்சியிலுள்ள பெட்டி சுற்றுவது கண்ணுக்கே தெரியும். ஹைக்ரோமெட்ரிகா என்ற பெயரும் இதனால் வந்ததுதான். ஈரத்தை அளப்பது என்று அதற்குப் பொருள்.

காற்றில் போன வித்துத்தூள் ஈர மண்ணில் விழுந்தால் முதலில் பச்சை நூலாகப் படரும். பார்ப்பதற்கு நீர்ப்பாசி போலவே இருக்கும். அந்த நூலில் மொட்டு விட்டுத்தான் செடி எழும்புகிறது. ஈரம் கிடைக்காத தூள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

பூச்சியின் வாழ்க்கை

வைரமுதுகு அந்துப்பூச்சி எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளம் இராது. தாய்ப்பூச்சி பொழுது சாய்ந்தபின் பறந்து, இலை நரம்பை ஒட்டி, ஒன்றொன்றாகவோ சிறு குவியலாகவோ மஞ்சள் நிற முட்டைகளை இடும். ஒரு தாய்ப்பூச்சி சராசரியாக 150 முட்டை வரை இடும்.

சமவெளி வெப்பத்தில் மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். புழு முதலில் இலைக்குள்ளேயே துளைத்துத் தின்னும். பிறகு வெளியே வந்து இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டும். மேல்தோலை மட்டும் விட்டுவிடுவதால் இலையில் கண்ணாடி ஜன்னல் வைத்தாற்போல வெள்ளைத் திட்டுகள் தோன்றும். புழு பெரிதானதும் ஓட்டையாகவே விழும். முழு வளர்ச்சி அடைந்த புழு ஒரு சென்டிமீட்டர் நீளம், பச்சை நிறம், இரு முனையும் கூர்ந்திருக்கும். தொட்டால் துள்ளித் துடித்துப் பின்பக்கமாக நகரும், அல்லது ஒரு நூலை விட்டுத் தொங்கும். இந்த ஒரு குணத்தாலேயே மற்றப் புழுக்களிலிருந்து இதைப் பிரித்துவிடலாம்.

பத்துப் பன்னிரண்டு நாளில் புழு, இலையிலேயே வலை போன்ற மெல்லிய கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். நான்கைந்து நாளில் பூச்சி வெளிவரும். ஆக, மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிகிறது. மலைக் குளிரில் நாள் கூடும். சமவெளியில் கோஸ் பயிர் நிற்கும் மூன்று மாதத்துக்குள் நான்கு தலைமுறை உண்டாகலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 முட்டையில் பாதி பெண் என்றால் 75. அந்த 75 பூச்சியும் ஆளுக்கு 150 முட்டை இட்டால் 11,250. அத்தனையும் பிழைப்பதில்லை என்பதால்தான் நமக்குக் கோஸ் கிடைக்கிறது. பிழைக்கவிடாமல் தடுப்பது எது என்பதுதான் விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய விஷயம். அதற்கு முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

முதல் ஒற்றுமை, இரண்டும் காற்றில் ஊர் சுற்றுபவை. பாசியின் வித்துத்தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானது. காற்று கொண்டுபோகும் இடமெல்லாம் போகும். அந்துப்பூச்சி தானாக வெகுதூரம் பறக்கும் வலிமை இல்லாதது; ஆனால் உயரத்தில் வீசும் காற்றில் ஏறிவிட்டால் கடலையும் கடந்துவிடும். இங்கிலாந்தில் 1958லும் 2016லும் இப்படிக் கடல் கடந்து பெருங்கூட்டமாக வந்து இறங்கியது. ஆகவே பக்கத்துத் தோட்டத்தில் பூச்சி இல்லை என்று நாம் அசட்டையாக இருக்க முடியாது. அதேபோல் பாசியை முழுவதுமாக ஒழிக்கவும் முடியாது. இன்று சுரண்டினால் நாளை காற்றில் வேறு தூள் வந்து விழும்.

இரண்டாவது ஒற்றுமை, இரண்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட உருவம். பூச்சியின் வாழ்க்கையில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு உருவம். இதில் பயிரைத் தின்பது புழு ஒன்றுதான். நாம் பறக்கக் காணும் பூச்சி பூந்தேனைக் குடிப்பதோடு சரி. பறக்கும் பூச்சியைக் குறி வைத்து மருந்தடிப்பதால் பயன் குறைவு. இலையடியில் இருக்கும் இளம்புழுவைக் குறி வைக்க வேண்டும். பாசியில் நூல், செடி, வித்துப்பெட்டி என மூன்று உருவம். இதில் எதுவுமே பயிரைத் தின்பதில்லை.

வேற்றுமைகளில் முதலாவது உணவு. பாசி பச்சையம் உள்ளது. வெயிலிலும் நீரிலும் காற்றிலும் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். பூச்சியின் புழுவுக்கு முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், முள்ளங்கி, டர்னிப், கடுகு ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்கள் வேண்டும். கடுகைக் கடித்தால் ஒரு காரம் வருகிறதல்லவா, அந்தக் காரத்துக்குக் காரணமான பொருள்தான் தாய்ப்பூச்சியை முட்டையிட அழைக்கிறது. பல பூச்சிகளை விரட்டுவதற்காகச் செடி வைத்துக்கொண்ட காரம், இந்தப் பூச்சிக்கு மட்டும் விருந்துக்கு அழைப்பாகிவிட்டது.

இரண்டாவது வேற்றுமை இடம். பாசி வெறும் மண்ணைத் தேடுகிறது. தீயெரிந்து சாம்பல் படிந்த நிலத்தில் வேறு செடி முளைக்கும் முன்பே ஃபியூனேரியா குடியேறும். மழையில் மண் கரைந்து ஓடாமல் கொஞ்சமாவது பிடித்து வைக்கும். பிற செடிகள் தழைத்துவிட்டால் இது ஒதுங்கிக்கொள்ளும். பூச்சியோ பயிர் தழைக்கத் தழைக்கப் பெருகும். விதவிதமான செடிகள் இல்லாமல், கோஸ் மட்டுமே ஏக்கர் கணக்கில், ஆண்டு முழுவதும் நிற்கும் இடம் அதற்குச் சொர்க்கம்.

மூன்றாவது வேற்றுமைதான் மிக முக்கியமானது. அது மழை.

மழை செய்யும் வேலை

மழை பெய்தால் பாசி பெருகும், புழு குறையும். மழை நின்றால் பாசி சுருங்கும், புழு பெருகும்.

பொரித்து வெளிவந்த இளம்புழு ஒரு மழைத்துளியின் அடியைத் தாங்காது. இலையிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு, கீழே தேங்கிய நீரில் மூழ்கி இறக்கும். இலைக்காம்பின் இடுக்கில் நிற்கும் நீரிலும் மாளும். தாய்ப்பூச்சிகள் அந்திநேரத்தில் இணைசேர்ந்து முட்டையிடுவதையும் மழை கெடுக்கிறது. அதனால் நல்ல மழைக் காலத்தில் இந்தப் பூச்சியின் தொல்லை தானாகவே தணிகிறது. தை முதல் பங்குனி வரையான வறண்ட நாட்களில் தலைவிரித்தாடுகிறது. மருந்து எதுவும் இல்லாமலே மழை செய்யும் இந்த வேலைக்கு விலை கிடையாது.

பாசிக்கோ அந்த மழை நாள்தான் கலியாண நாள். வறண்ட நாளில் அதன் இலைகள் சுருண்டு தண்டோடு ஒட்டிக்கொள்ளும், நிறம் மங்கும். காம்பு முறுக்கேறும். ஈரம் பட்டால் மறுபடி விரியும். மெல்ல மெல்லக் காய்ந்தால் சில காலம் தாங்கும். வறட்சி நீடித்தால் செடி மடிந்து, மண்ணிலுள்ள தூள் மட்டும் மிஞ்சும்.

இதிலிருந்து தோட்டத்துக்கு ஒரு எளிய குறிப்பு கிடைக்கிறது. வாய்க்கால் ஓரத்திலோ, நீர் பாய்ச்சாத சுவரோரத்திலோ உள்ள பாசியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது தொடர்ந்து ஒரு வாரம் சுருண்டு கிடந்தால், புழுவை அடித்துப் போகும் மழை இல்லை என்று பொருள். அந்த வாரம் கோஸ் இலையைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். அது தளதளவென்று பசுமையாக நின்றால், கவலை வேறு பக்கம் திரும்ப வேண்டும்: நாற்றங்காலில் நாற்றழுகல், வயலில் கருப்பழுகல் போன்ற ஈரத்தால் பரவும் நோய்களைக் கவனிக்க வேண்டும். பாசி ஒரு குறிகாட்டி மட்டுமே. இறுதி முடிவைச் செடியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மருந்து தோற்ற கதை

வைரமுதுகு அந்துப்பூச்சியை மருந்தால் மட்டும் அடக்கிவிடலாம் என்று உலகம் பலமுறை முயன்று தோற்றிருக்கிறது. டி.டி.டி. மருந்துக்கு இந்தப் பூச்சி மசியவில்லை என்று 1953ஆம் ஆண்டிலேயே இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலிருந்து செய்தி வந்தது. பின்னர் வந்த மருந்துகள் ஒவ்வொன்றும் சில ஆண்டு வேலை செய்து, பிறகு பலனற்றுப் போயின. பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தைக்கூட, அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பத் தெளித்த ஹவாய்த் தீவின் தோட்டங்களில் இது எதிர்த்து நின்றது என்று 1990இல் தெரியவந்தது. இந்த ஒரு பூச்சியால் உலக விவசாயிகளுக்கு ஏற்படும் சேதமும் கட்டுப்பாட்டுச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 400 முதல் 500 கோடி டாலர் என்று 2012இல் மதிப்பிட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? ஆயிரம் புழுவில் ஒன்றிரண்டுக்கு இயற்கையாகவே அந்த மருந்தைத் தாங்கும் சக்தி இருக்கும். மருந்தடித்ததும் மற்றவை செத்து, தாங்கியவை மட்டும் மிஞ்சும். அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்பதால் விரைவிலேயே தோட்டம் முழுவதும் தாங்கும் புழுவாகிவிடும். நல்ல விதையைத் தேர்ந்தெடுத்து விதைப்பது போல, மருந்தைத் தாங்கும் புழுவை நாமே தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம்.

இன்னொரு தீமையும் உண்டு. இந்தப் புழுவைத் தின்று வாழும் குளவிகள் மருந்தில் முதலில் மடிகின்றன. டயடெக்மா என்ற சிறு குளவி, புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே அழிக்கும். ஜாவாவில் 1950களிலேயே இந்தக் குளவியை நியூஜிலாந்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மருந்துத் தெளிப்பு கடுமையாக இருந்தவரை அதன் வேலை தெரியவில்லை. தெளிப்பைக் குறைத்த இடங்களில்தான் அது பலன் தந்தது. நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளுக்கு இந்தக் குளவி ஏற்றது. சமவெளி வெப்பத்துக்குக் கொடேசியா என்ற வேறு குளவி உதவுகிறது.

விவசாயி செய்ய வேண்டியவை

நாற்றங்காலில் பாசி படர்ந்தால், அது சொல்லும் செய்தியைக் கேளுங்கள். தண்ணீர் அதிகம், வடிகால் போதாது, மண் இறுகிவிட்டது, நிழல் மிகுதி என்பதுதான் அந்தச் செய்தி. இதே நிலையில்தான் நாற்றழுகல் நோயும் வரும். மேட்டுப்பாத்தி அமைத்து, நீரைக் குறைத்து, காலையில் ஊற்றி, வரிசைகளுக்கு நடுவே மேல் மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் போதும். பாசி தானாகக் குறையும். மிகவும் தடித்துச் சிறு நாற்றை மூடினால் மட்டும் கையால் எடுத்துவிடலாம். சாம்பல் தூவிப் பயனில்லை. சாம்பல் நிலமே ஃபியூனேரியாவுக்குப் பிடித்த இடம். மருந்துக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

பூச்சிக்குக் கடுகுப் பொறி வையுங்கள். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை இது. 25 வரிசை முட்டைக்கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு ஒரு வரிசையும், நட்ட 25ஆம் நாள் மற்றொரு வரிசையும் விதைக்க வேண்டும். பாத்தியின் முதல் வரிசையும் கடைசி வரிசையும் கடுகாக இருக்கட்டும். தாய்ப்பூச்சி கோஸை விட்டுக் கடுகில் முட்டையிடும். கடுகிலுள்ள புழுவை அவ்வப்போது அழித்துவிட வேண்டும். அப்படியே விட்டால் கடுகே பூச்சிப் பண்ணையாகிவிடும்.

வாரம் ஒருமுறை எண்ணுங்கள். வயலில் ஐந்து இடத்தில், இடத்துக்கு நான்கு செடி வீதம் 20 செடியில் இலையைத் திருப்பிப் புழுவை எண்ண வேண்டும். உருண்டை பிடிக்கத் தொடங்கும் பருவத்தில் செடிக்குச் சராசரி இரண்டு புழு, அதாவது 20 செடியில் 40 புழு தேறினால் தெளிக்க வேண்டும். அதற்குக் குறைவானால் மருந்தடிக்காமல் பொறுத்திருக்கலாம். நடுக்குருத்தைப் புழு கடித்தால் உருண்டையே பிடிக்காது. ஆகவே இந்தப் பருவத்தில்தான் கவனம் அதிகம் தேவை. வெளி இலையில் நான்கு ஓட்டை விழுந்தால் விளைச்சல் குறையாது. சந்தைக்குப் போகுமுன் அந்த இலைகளை எப்படியும் கழித்துவிடுகிறோம்.

தெளிப்பதென்றால் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல். ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டர் ஆகுமாறு நீர் சேர்க்க வேண்டும். கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உள்ளதால் கரைசல் வழிந்துவிடும். ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் கலக்க வேண்டும். மாலை நேரத்தில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். பாசிலஸ் நுண்ணுயிர் மருந்தும் இளம்புழுவுக்கு நல்லது. அளவை உறையில் உள்ளபடி பின்பற்றவும். எந்த மருந்தானாலும் அதையே அடுத்தடுத்துத் தெளிக்காதீர்கள். வேறு மருந்து தேவைப்பட்டால் தோட்டக்கலை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்டு, அனுமதிக்கப்பட்டதை மட்டும் வாங்குங்கள்.

தெளிப்பு நீர்ப்பாசன வசதி உள்ளவர்கள் வறண்ட நாட்களில் அந்திநேரத்தில் சிறிது நேரம் ஓடவிட்டால், மழை செய்யும் வேலையை ஓரளவு செய்துகொள்ளலாம். ஆனால் கருப்பழுகல் உள்ள வயலில் இதைச் செய்யக் கூடாது, நோய் பரவிவிடும்.

அறுவடை முடிந்ததும் கட்டைகளையும் கழித்த இலைகளையும் வயலில் விடாதீர்கள். அவற்றிலேயே ஒரு தலைமுறை பூச்சி வளர்ந்துவிடும். பிடுங்கி எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். கோஸுக்குப் பின் கோஸ் என்று வைக்காமல் நடுவில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு என மாற்றுப் பயிர் வைப்பது நல்லது.

விவசாயிகள் கேட்கும் சில கேள்விகள்

மரத்தில் பாசி பிடித்தால் மரம் பட்டுப்போகுமா?

போகாது. பட்டைக்குள் வேர் விட்டு உறிஞ்சும் புல்லுருவி வேறு. பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பாசி வேறு. பாசி பட்டையை நிற்க ஓர் இடமாக மட்டும் கொள்கிறது. மரம் நலிந்து, இலை உதிர்ந்து, கிளையில் வெளிச்சம் அதிகம் படும்போது பாசியும் கல்பாசியும் கூடுதலாகத் தெரியலாம். அப்போது நலிவுக்கான காரணத்தைத் தேட வேண்டும்.

இலையில் இருக்கும் கூடு பூச்சியுடையதா, குளவியுடையதா என்று எப்படி அறிவது?

வலைக் கூட்டுக்குள் பச்சையாகக் கூட்டுப்புழு தெரிந்தால் பூச்சி. வலைக்குள் எதுவும் தெரியாதபடி மூடிய பழுப்பு நிறச் சிறு உருளை இருந்தால் டயடெக்மா குளவி. வெள்ளைப் பஞ்சு போன்ற சிறு கூடு கொடேசியாவுடையது. குளவிக் கூடுகள் நிறையத் தென்பட்டால் மருந்தைத் தள்ளிப் போடுங்கள். உங்கள் கூலியாட்கள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தடித்தால் பூச்சியெல்லாம் எங்கள் வயலுக்கு வருமே, என்ன செய்வது?

காற்றில் வரும் பூச்சியைத் தடுக்க வேலி கிடையாது. அதனால்தான் கடுகுப் பொறியையும் கட்டை அகற்றுவதையும் ஒரே சரிவிலுள்ள தோட்டக்காரர்கள் சேர்ந்து செய்வது மேல். ஒருவர் மட்டும் செய்தால் அவருக்குப் பாதிப் பயன்; பத்துப் பேர் செய்தால் பத்துப் பேருக்கும் முழுப் பயன்.

கோஸ் விலை ஒரு வாரம் ஏறும், மறுவாரம் இறங்கும். அது விவசாயியின் கையில் இல்லை. மருந்துக் கடைக்குக் கொடுக்கும் பணம் அவர் கையில் இருக்கிறது. பாசிக்காகச் செலவிடும் பணத்தை அப்படியே மிச்சப்படுத்தலாம். பூச்சிக்காகச் செலவிடுவதில் பெரும்பகுதியை இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தால் குறைக்கலாம். வரும் பருவத்துக்குக் கோஸ் நடத் திட்டமிடும் விவசாயிகள், நாற்று வாங்கும்போதே ஒரு கைப்பிடிக் கடுகு விதையும் வாங்கி வைத்துக்கொள்வது நலம்.